அத்தியாயம் 6: யாரைப் போய்க் கேட்பது?

முதியவர் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கக்கூடிய உதவிகள் கொஞ்சமல்ல. ஆனால் அவை ஒரே கூரையின் கீழ் இல்லை. உதவித்தொகை தாசில்தார் அலுவலகத்தில், மாத்திரை சுகாதார நிலையத்தில், பிள்ளைகள் மீதான புகார் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், பராமரிப்புத் தொகை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் என்று சிதறிக் கிடக்கின்றன. ஓர் அலுவலகத்தில் இருப்பவருக்கு அடுத்த அலுவலகத்தில் என்ன கிடைக்கும் என்பது பெரும்பாலும் தெரியாது. மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு கேரளத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில்தான் அதிகம். 2021-ஆம் ஆண்டுக் கணிப்பில் கேரளம் 16.5 விழுக்காடு, தமிழ்நாடு 13.6. இத்தனை முதியவர்கள் இருக்கும் மாநிலத்தில், தகவல் தெரியாமல் உதவி கிடைக்காமல் போவதுதான் மிகவும் வருத்தமானது.

அதனால் இந்த அத்தியாயத்தைத் துறைவாரியாக எழுதவில்லை. உங்கள் தெருவுக்கே வருகிறவர்களிடம் தொடங்கி, நீங்கள் தேடிப் போக வேண்டியவர்களை நோக்கிப் போகிறது. எங்கே போனாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பெரியவருக்கு என்ன கிடைக்கும்? இவரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு என்ன கிடைக்கும்? இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பலருக்கும் கூச்சம். கேட்டால்தான் பதில் வரும்.

தெருவுக்கு வருகிறவர்கள்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. தன்னார்வலர்கள் பெரும்பாலும் உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். உங்கள் பக்கத்துத் தெருக்காரராகவே இருக்கக்கூடும். வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தருகிறார்கள். மாதந்தோறும் பெரியவரை ஆட்டோவில் ஏற்றி, வரிசையில் நிற்கவைத்து, அரைநாள் கூலியை இழந்து வாங்கிவந்த அதே மாத்திரைதான் வாசலுக்கு வருகிறது.

பலருக்குத் தெரியாதது இதற்கு அடுத்த பகுதி. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியரும், பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிவுக்குப் பின் நடக்க முடியாதவர்களுக்கும் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டும் இதே திட்டத்தில் வட்டார அளவில் வேலை செய்கிறார்கள். வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு அதற்கான பைகளும் தரப்படுகின்றன. ஆனால் செவிலியரோ பிசியோதெரபிஸ்ட்டோ தாமாக உங்கள் வீட்டுக்கு வந்துவிட மாட்டார்கள். வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கிறார் என்று தன்னார்வலரோ கிராம சுகாதார செவிலியரோ பட்டியலில் சேர்த்தால்தான் வருவார்கள். ஊரில் ‘நர்சம்மா’ என்று அழைக்கப்படும் அந்தச் செவிலியரைத் துணை சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். நகரத்தில் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், “வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், பதிவு செய்ய வேண்டும்” என்று சொல்லுங்கள்.

செவிலியர் வரும் அன்று நீங்கள் கட்டாயம் வீட்டில் இருங்கள். அவர் செய்துவிட்டுப் போவதைவிட உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதுதான் பெரிய உதவி. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டுவது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலையை எவ்வளவு உயர்த்தி வைப்பது, சிறுநீர்ப் பையை எந்த உயரத்தில் தொங்கவிடுவது, உங்கள் முதுகு பிடித்துக்கொள்ளாமல் ஓர் ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது. இவற்றை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, அவர் முன்னாலேயே நீங்களும் செய்துபாருங்கள். காதால் கேட்டது அடுத்த நாள் மறந்துபோகும். இன்னொன்று: தன்னார்வலர் இரத்த அழுத்தக் கருவியை வெளியே எடுத்துவிட்டால் உங்கள் கையையும் நீட்டுங்கள். மாமியாருக்கு நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்கும் மருமகள், தனக்கே இரத்த அழுத்தம் இருப்பது தெரியாமல் இருக்கும் வீடுகள் நிறைய.

தபால்காரரும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியவர். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை, அஞ்சல் துறை வங்கியின் வழியாக அவர் வீட்டுக்கே வந்து, விரல்ரேகையோ முகப்பதிவோ எடுத்து அனுப்பிவிடுவார். கட்டணம் 70 ரூபாய். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். கருவூலத்தின் வாசலில் பெரியவரை நிற்கவைக்கத் தேவையில்லை.

ஒரு பிளாஸ்டிக் உறை

எந்த அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. பெரியவரின் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், நான்கு பாஸ்போர்ட் அளவுப் படங்கள், கடைசியாக மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றை நகலெடுத்து ஒரே உறையில் போட்டு வையுங்கள். துணைவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் அதில் இருக்கட்டும்.

ஆதாரை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி இல்லாமல் ஆண்டு மட்டும் அச்சாகியிருக்கும். வாக்காளர் அட்டையில் ஒரு வயதும் ஆதாரில் ஒரு வயதும் இருக்கும். பெயரின் முதலெழுத்து ஒன்றில் தகப்பனாருடையது, இன்னொன்றில் கணவருடையது. விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இவைதான் பெரும்பாலும் காரணம். விண்ணப்பித்த பிறகு திருத்துவதைவிட முன்பே திருத்துவது எளிது. விரல்ரேகை தேய்ந்து பதிவாகாமல் போனால் கண் கருவிழிப் பதிவைப் பயன்படுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

ஓ.ஏ.பி.

முதியோர் உதவித்தொகையை ஊரில் எல்லோரும் ஓ.ஏ.பி. என்றுதான் சொல்கிறார்கள். 60 வயதைக் கடந்த ஆதரவற்றவர்களுக்கானது. 2023 ஆகஸ்ட்டில் இது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. இதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80-லிருந்து 500. மீதியை மாநில அரசு போடுகிறது.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவாகும். அங்கிருந்து வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று போய், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் முடிவாகும். இ-சேவையில் தரும் ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். அதில் உள்ள எண் இல்லாமல் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும். மருத்துவமனையில் இருந்தால் அதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். “மகன் இருக்கிறானே” என்று சொல்லி மறுக்கிறார்கள் என்றால், மகன் பார்த்துக்கொள்கிறாரா, பணம் தருகிறாரா என்பதைத் தெளிவாக எழுதிக்கொடுங்கள். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் இருந்தால்தான் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுக்க முடியும்.

கணவரை இழந்தவர்களுக்கான உதவித்தொகை, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை ஆகியவற்றில் ஒன்றைத்தான் ஒருவர் பெறலாம். எது கூடுதல் என்று பார்த்து விண்ணப்பியுங்கள்.

ரேஷன், வங்கி, பேருந்து

ரேஷன் கடைக்குப் போக முடியாதவர்களுக்காக ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்டது. 70 வயதைக் கடந்தவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகளுக்கும், மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்கும் பொருட்கள் வண்டியில் வரும் என்று அப்போது வகுத்தார்கள். வீட்டில் இளையவர் பெயர் கார்டில் இருந்தால் இது பொருந்தாமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள், தமக்குப் பதில் வேறொருவர் வாங்க அனுமதிக்கும் அங்கீகாரப் படிவத்தைக் கடை ஊழியரிடம் கேட்டு நிரப்பிக் கொடுக்கலாம்.

70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தருவது உள்ளிட்ட அடிப்படைச் சேவைகளை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே சொல்லிவிட்டது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன்கள் உண்டு, பணிமனைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

மருத்துவமனை வாசலில்

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு இருக்கிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வ.செ. நடராசன் 1978-இல் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே முதலாவது முதியோர் மருத்துவப் பட்டமேற்படிப்பும் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் வந்தது. இப்போது கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. நான்கு மருத்துவர்களிடம் நான்கு மருந்துச் சீட்டு வாங்கி ஒருநாளைக்குப் பதினைந்து மாத்திரை விழுங்கும் பெரியவரை இப்படிப்பட்ட பிரிவுக்குக் கூட்டிப்போவது நல்லது. எல்லா மாத்திரைகளையும் ஒருவரே மொத்தமாகப் பார்த்து, தேவையற்றதை நிறுத்தச் சொல்வார். போகும்போது சீட்டுகளை மட்டும் எடுத்துப்போகாமல் மாத்திரை அட்டைகளையே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே அட்டை எடுத்துவிடுங்கள். கண்புரை என்றால் செலவை நினைத்துத் தள்ளிப்போடவே வேண்டாம். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தும் ஊர் முகாம்களில், தேர்வாகிறவர்களை அழைத்துப்போய், அறுவைச் சிகிச்சை செய்து, சாப்பாடு போட்டு, ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள். பார்வை தெளிந்தால் விழுவது குறையும். விழுவது குறைந்தால் படுக்கையில் விழும் நாள் தள்ளிப்போகும்.

பத்திரமும் தீர்ப்பாயமும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதக் காரணம், இதில் நடக்கும் தவறைப் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம் என்பதுதான். வீட்டைப் பிள்ளை பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, அடுத்த வருடமே திண்ணைக்கு வந்துவிட்ட பெற்றோர் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. தமிழ்நாடு 2009-இல் விதிகளை வகுத்தது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர், மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோரிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பிள்ளையில்லாதவர்கள், தம் சொத்துக்கு வாரிசாக வரக்கூடிய உறவினரிடம் கேட்கலாம். மனுவை விசாரிப்பது வருவாய்க் கோட்ட அளவில் உள்ள தீர்ப்பாயம்; ஆர்.டி.ஓ. அல்லது சார் ஆட்சியர் அதன் தலைவர். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிய மனுவே போதும். பெரியவரால் எழுத முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ மனு கொடுக்கலாம். 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க உத்தரவிடலாம். மாவட்டச் சமூகநல அலுவலர் பெரியவரின் சார்பில் நின்று உதவக் கடமைப்பட்டவர்; முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்.

சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொத்தைப் பற்றியது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால்? 2022-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நீதிமன்றத்தின் பொருள்விளக்கத்தை நம்பி உங்கள் கூரையை விட்டுவிடாதீர்கள். செட்டில்மெண்ட் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், “என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் வசிக்கும் உரிமை எனக்கு உண்டு, உணவு, மருத்துவம் உள்ளிட்ட பராமரிப்பைச் செய்ய வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது” என்ற பொருளில் வரிகளை எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் “இதெல்லாம் எதுக்கு, சொந்தப் பிள்ளைதானே” என்பார். எழுதினால்தான் கையெழுத்து என்று சொல்லுங்கள். அவசரம் இல்லாதவர்களுக்கு உயில் இன்னும் பாதுகாப்பானது. உயிருள்ளவரை மாற்றிக்கொள்ளலாம்.

சட்ட ஆலோசனைக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தொலைபேசி எண் 15100.

பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு

பெரும்பாலான வீடுகளில் இந்தச் சுமை ஒரு பெண்ணின் தோளில்தான் இருக்கிறது. மருமகள், மகள், அல்லது தானே எழுபதைக் கடந்த மனைவி. வேலையை விட்டிருப்பார், அவருடைய பெயர் எந்த விண்ணப்பத்திலும் இருக்காது.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 75 விழுக்காட்டுக்கு மேல் பாதிப்பு உள்ளவர்கள், பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பு நோய் உள்ளவர்கள், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இதில் அடங்குவர். பக்கவாதத்தில் ஒருபக்கம் முழுதும் செயலிழந்த பெரியவரை ‘வயசாயிடுச்சு’ என்று மட்டும் நினைத்து விட்டுவிடாமல், அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள். அந்த அட்டை வாக்கர், சக்கர நாற்காலி, பேருந்து, இரயில் சலுகை எல்லாவற்றுக்கும் வழி. அட்டை இல்லாதவர்களுக்கும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் ஊன்றுகோல், காதொலிக் கருவி, கண்ணாடி, பல்செட் போன்றவற்றை முகாம் நடத்தித் தருகிறார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கோ மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கோ இவை கிடைக்கும். முகாம் எப்போது என்று சமூகநல அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

பணத்தைவிடப் பெரிய தேவை ஓய்வு. பகலில் பெரியவர்களை விட்டுவிட்டு மாலையில் அழைத்துவரும் ‘அன்புச்சோலை’ மையங்கள் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 25. இவ்வளவு பெரிய மாநிலத்துக்கு இது மிகவும் குறைவு. உங்கள் ஊரில் இல்லையென்றால் கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். அதுவரை உறவுக்குள்தான் ஓய்வைத் தேட வேண்டியிருக்கிறது. வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகளிடம் “கொஞ்சம் உதவுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் பணம் அனுப்புவதோடு முடிந்துவிடும். “மாதத்தில் இரண்டாவது சனி, ஞாயிறு நீ வந்து இரு, நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன்” என்று நாள் குறித்துக் கேளுங்கள்.

மறதி நோய் வந்தவரைப் பார்த்துக்கொள்வது வேறு வகையான உழைப்பு. இரவெல்லாம் விழித்திருப்பார், சோறு போட்ட கையையே திருடி என்பார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று மனதுக்குத் தெரிந்தாலும் உடம்பு தாங்காது. சென்னையில் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோய்க்கெனத் தனிப் பிரிவு நடத்துகிறது. குடும்பத்தினருக்கும் ஆலோசனை தருகிறார்கள். மற்ற ஊர்களில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அரசு தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். அழுகையும் எரிச்சலும் தூக்கமின்மையும் உங்களுக்குத் தொடர்ந்தால் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். பெரியவரை அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்பதைக்கூட அங்கே சொல்லலாம். அப்படிச் சொல்வது உங்களையும் காக்கும், அவரையும் காக்கும்.

தனியே இருக்கும் பெரியவர்கள்

பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர் ஊரில் தனியே என்றால் இரண்டு எண்களைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒன்று ஆம்புலன்சுக்கான 108. மற்றொன்று 14567. இது மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை எல்லா நாளும் இயங்கும். திட்டங்களைப் பற்றிய தகவல், சட்ட வழிகாட்டல், மனத்துணை ஆகியவற்றோடு, துன்புறுத்தப்படும் அல்லது கைவிடப்பட்ட முதியவரை நேரில் போய் மீட்கவும் ஆள் அனுப்புகிறார்கள். பக்கத்து வீட்டில் பெரியவர் ஒருவர் அடிபடுவது உங்கள் காதில் விழுந்தால் நீங்களும் அழைக்கலாம்.

தனியே வாழும் முதியவர்களின் பட்டியலைக் காவல் நிலையங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஏற்பாடு. அடுத்தமுறை ஊருக்கு வரும்போது நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிவுசெய்து, உங்கள் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டுச் சாவி ஒன்று நம்பகமான பக்கத்து வீட்டாரிடம் இருக்கட்டும். குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக மாற்றுங்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம், காலை பத்து மணிக்குள் வாசல் தெளிக்கப்படாவிட்டால் கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்லி வையுங்கள். பிளாஸ்டிக் உறை எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்ததும் முதலில் கேட்பது சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைத்தான்.